ஆயிரம் பித்தளைக் கூடு, கால் மில்லிமீட்டர் பிரச்னை: கேஸ் டிரிம்மரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி என்ற இடம் இருக்கிறது. அந்நாட்டின் தேசிய ரைபிள் போட்டிகள் அங்கே முதன்முதலாக நடந்தது 1907-ல். அங்கு புகழ்பெற்ற ‘ஹை பவர்’ வகைப் போட்டியில் ஒருவர் 200, 300, 600 கஜ தூரங்களில் மொத்தம் 80 ரவுண்டு சுட வேண்டியிருக்கும். ஒரு நாள் போட்டிக்கே 80 என்றால், அதற்கான பயிற்சிக்கு எவ்வளவு ஆகும்? ஒரு சீசனுக்குச் சில ஆயிரம் தோட்டாக்கள் சர்வசாதாரணம். அதனால்தான் பல வீரர்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, வீட்டு கராஜில் உட்கார்ந்து மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். இதற்குப் பெயர் ‘ரீலோடிங்’.

சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி இதற்கு உரிமம் தேவையில்லை. விற்றுத் தொழில் செய்தால்தான் வேண்டும். இந்தியாவில் கதையே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். யூடியூபில் பார்த்துவிட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

கூடு ஏன் நீளமாகிறது?

தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, முனையில் இருக்கும் புல்லட். சுட்டபிறகு மிஞ்சுவது கூடு மட்டும்தான். ரைபிள் கூட்டின் உருவம் பாட்டில் மாதிரி: அடிப்பகுதி, உடல், தோள், குறுகிய கழுத்து, வாய்.

சுடும்போது வரும் அழுத்தத்தில் கூடு ஊதி, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் ‘டை’ என்ற அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். அழுத்தினால் பித்தளை எங்கே போகும்? கழுத்துப் பக்கமாக நகரும். ஒவ்வொரு சுற்றிலும் கூடு கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

.223 ரெமிங்டன் கூட்டுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம். வெட்டும்போது 1.750-க்குக் கொண்டுவருவது வழக்கம். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான், அதாவது இரண்டரை ஏ4 தாளின் கனம். இதையா இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் நீளம் எல்லை தாண்டிய கூட்டின் வாய், சேம்பரின் முனையில் போய் இடித்து, புல்லட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புல்லட் எளிதாக விலகாது. உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். இது நடக்கும் இடம், சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குல தூரத்தில்.

9 எம்எம் போன்ற நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு இந்தத் தொல்லை அனேகமாகக் கிடையாது. டிரிம்மர் பேச்சு எல்லாம் ரைபிளுக்குத்தான்.

என்னென்ன இருக்கின்றன?

பாரம்பரியமானது, கையால் சுற்றும் குட்டி லேத். ஃபார்ஸ்டர், ஆர்சிபிஎஸ், லைமன் என்று பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கூட்டின் அடியைப் பிடித்து, கைப்பிடியைச் சுற்றினால் வாய் சீவப்படும். துல்லியம் நன்றாகவே இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாட்ட, சுற்ற, கழற்ற ஒரு கூட்டுக்கு 30 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்துக்கு 8 மணி 20 நிமிடம். வெட்டிய வாயில் உள்ளும் புறமும் நிற்கும் பிசிறை எடுக்கும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

அடுத்தது, டிரில்லிங் மெஷினில் மாட்டுகிற ரகம். லிட்டில் குரோ நிறுவனத்தின் ஒரு டிரிம்மருக்குப் பெயரே ‘உலகின் மிகச்சிறந்த டிரிம்மர்’. தன்னடக்கம்! கூட்டைக் கையில் பிடித்து உள்ளே தள்ளினால் சில விநாடியில் வெட்டிவிடும். பிசிறு மட்டும் தனி வேலை.

மூன்றாவது, ஜிரோ போன்ற மோட்டார் டிரிம்மர். ஒரே தள்ளலில் நீளத்தை வெட்டி, உள்பிசிறையும் வெளிப்பிசிறையும் சீவிவிடும். ஒரு கூட்டுக்கு 5 விநாடி என்றால் ஆயிரத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. விலை சில நூறு டாலர். பிளேடை முதல் தடவை சரியாக அமைக்கப் பொறுமை வேண்டும். ரகத்துக்கு ரகம் தனி ஹோல்டரும் வாங்க வேண்டும்.

கடைசியாக, டில்லன் நிறுவனத்தின் மோட்டார். இது ரீலோடிங் பிரஸ்ஸின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. அச்சு கூட்டைச் சுருக்கும் அதே நொடியில் மேலே கட்டர் வாயை வெட்டும். வேக்குவம் துகளை உறிஞ்சும். கூட்டைத் தனியாக எடுத்து வெட்டும் கட்டமே இல்லை.

எங்கிருந்து அளக்கிறது?

வாங்குபவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, நீளத்தை டிரிம்மர் எங்கிருந்து அளக்கிறது என்பது. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கைச்சுற்று ரகம் கூட்டின் அடியிலிருந்து அளக்கும். வேகமான ஹேண்ட்-ஃபீட் ரகங்கள் தோளில் முட்டி நின்று அளக்கும்.

தோளை நம்பினால், எல்லாக் கூட்டிலும் தோள் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். சுட்டுவிட்டு அப்படியே கொண்டுவந்த, பல துப்பாக்கிகளில் சுட்டுக் கலந்த கூடுகளில் தோள் ஆளுக்கொரு இடத்தில் இருக்கும். முதலில் அச்சில் சுருக்காமல் நேராக டிரிம்மரில் போட்டால், வேகமாகத் தவறாக வெட்டித் தள்ளலாம், அவ்வளவுதான். சுருக்கிய பிறகு வெட்டினால் இரண்டு முறையுமே நம்பகமானவை.

இதில் என் கருத்து: ஆண்டுக்குச் சில நூறு என்றால் கைச்சுற்றே போதும், பணத்தை வீணாக்க வேண்டாம். ஆயிரங்களில் போனால், நிமிடத்துக்கு எத்தனை என்ற விளம்பர எண்ணைவிட, ஒரே கூட்டைக் கை எத்தனை முறை தொடுகிறது என்று எண்ணுங்கள். டிரில் ரகத்தில் ஒரு கூட்டை மூன்று முறை தொட வேண்டும்: வெட்ட, உள்ளே சீவ, வெளியே சீவ. ஜிரோவில் ஒரே முறை. ஏற்கெனவே டில்லன் பிரஸ் வைத்திருப்பவருக்குக் கூடுதல் தொடுதலே இல்லை. ஆனால் அந்த மோட்டார் பிசிறைச் சீவாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், 50 கூட்டுக்கு ஒன்றை எடுத்து வெர்னியர் காலிப்பரில் அளப்பதைப் பழக்கிக்கொண்டால் நல்லது. கட்டர் பூட்டு தளர்ந்தாலோ, தோள் முட்டும் இடத்தில் துகள் சேர்ந்தாலோ அளவு சத்தமில்லாமல் நகரும். மெஷின் எவ்வளவு வேகமோ, அதே வேகத்தில் தப்பான கூடுகளும் குவியும். கண்ணாடி அணிய வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். பிரைமர் எச்சத்தில் ஈயம் இருக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வாயில் வெட்டி எறியும் பித்தளை சும்மா முளைக்கவில்லை. கூட்டின் கீழ்ச்சுவரிலிருந்து நகர்ந்து வந்தது. அங்கே சுவர் மெலிகிறது என்று அர்த்தம். அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலோ, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, அந்தக் கூட்டை டிரிம்மரில் போட வேண்டாம். பழைய பித்தளைக் குப்பையில் போட வேண்டியதுதான்.