கழற்றிய வயரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

ஐம்பது வருஷத்து அம்பாசடரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். காய்ந்த துணி டேப்பும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. வயரை லேசாக வளைத்தால் மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்ளே பச்சை பூத்த செம்பு தெரியும். எலி கடித்த இடம் ஒன்று, ஹாரனுக்காக யாரோ முறுக்கி டேப் சுற்றிய இடம் ஒன்று, மியூசிக் சிஸ்டத்துக்கு இழுத்துவிட்டு அப்படியே தொங்கவிட்ட முனை இரண்டு. இந்த நிலைக்கு வந்த வண்டிக்கு முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டும். இன்னும் ஒரு ஒட்டு போட்டு ஓட்டலாம் என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

சிக்கல், புதிய வயரிங் செட்டை வாங்கும்போது தொடங்குகிறது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்று அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆகவே சென்னையின் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ இணையத்திலோ இன்று கிடைக்கும் புது செட்டுகள் பெரும்பாலும் வெளியார் தயாரிப்புதான். அதில் அருமையாகச் செய்தவையும் உண்டு, உயிருக்கு உலை வைப்பவையும் உண்டு. பிளாஸ்டிக் கவருக்குள் சுருட்டி வைத்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரிட்டிஷ் வம்சத்துக் கார்களின் வயரிங்குக்கு லூகாஸ் கம்பெனி வகுத்த ஒரு வண்ணக் கணக்கு உண்டு. பழுப்பு வயரில் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேரே கரண்ட் வரும். சாவி போட்டால் உயிர் பெறுவது வெள்ளை. அதுவே பியூஸைத் தாண்டிவிட்டால் பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், டெயில் லைட்டுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கருப்பு. அம்பாசடரும் ஹெரால்டும் இந்த வழிதான். ஃபியட் வழிவந்த பத்மினியின் கணக்கு வேறு. நல்ல செட்டில் இந்த வண்ணங்கள் அப்படியே வரும். மலிவான செட்டில் கையிருப்பில் இருந்த நிறமெல்லாம் கலந்திருக்கும். வண்ணம் மாறினால் வண்டி ஓடாது என்பதில்லை, ஓடும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து வேறொரு எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்போது, பியூஸ் இல்லாத வயரை பியூஸ் உள்ள வயர் என்று நம்பி ஏதாவது ஒன்றைக் கோத்துவிடுவார்.

பியூஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய லூகாஸ் கண்ணாடிக் குழாய் பியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கக்கூடியது 17 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு பியூஸில் எழுதியிருக்கும் எண்ணோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய பியூஸில் 35 என்று பார்த்துவிட்டு, புதுப் பெட்டியில் 35 ஆம்பியர் பிளேடு பியூஸைச் செருகினால் பாதுகாப்பு பாதியாகிவிடும். வயர் கருகும், பியூஸ் அசையாமல் இருக்கும். தவிர, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பியூஸே கிடையாது. புது செட் வாங்குகிறவர் அதற்குத் தனி பியூஸும் ரிலேயும் வைத்துத் தரச்சொல்லிக் கேட்பது நல்லது.

ஹெட்லைட் கணக்கைப் போட்டே பார்க்கலாம். 60 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பளிச்சென்று இருக்கட்டும் என்று 100 வாட் பல்பு மாட்டினால் ஏறக்குறைய 17 ஆம்பியர். கரண்ட் முக்கால் மடங்குகூடக் கூடவில்லை, ஆனால் வயரில் பிறக்கும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. அந்தக் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போய்வர வேண்டும். ஸ்விட்ச் கைசுடுகிறது என்று சொல்லும் வண்டிகளில் நடப்பது இதுதான்.

அடுத்தது வயரின் உள்ளடக்கம். சில செட்டுகளில் செம்பு என்று விற்கப்படுவது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதிர்விலும் எளிதில் முறியும். கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு முனையில் உறையை உரித்து, ஒற்றை இழையைப் பிளேடால் சுரண்ட வேண்டும். உள்ளே வெள்ளையாக மின்னினால் வேண்டாம். மேலே வெள்ளி நிறமும் சுரண்டினால் செம்பும் தெரிந்தால் அது ஈயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. வீட்டுக்கு ஓட்டும் வயரை வண்டிக்கு வைப்பதும் வேண்டாம். அதன் உறை 70 டிகிரி சூட்டுக்குச் செய்யப்பட்டது. இன்ஜின் பக்கத்தில் அது போதாது.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிக்குப் பழைய அளவு செட்டை வாங்கக் கூடாது. அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஸ்டார்ட்டர் நீங்கலாகக் கிட்டத்தட்ட எல்லாக் கரண்டும் டாஷ்போர்டின் ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் போகும். ஆல்டர்னேட்டர் கூடுதலாகத் தள்ளும் கரண்ட்டை அந்த வழி தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த்தாகியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். பழைய வயரிங்கைக் கழற்றியதும் பட்டறையில் அதைச் செம்புக்காக எடைக்குப் போட்டுவிடுவார்கள். விடக் கூடாது. ஒவ்வொரு முனைக்கும் சீட்டு கட்டி, படம் எடுத்து, முழுசாக வெளியே எடுத்து, தரையில் புது செட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும். நீளம் குறைகிறதா, கிளை விடுபட்டிருக்கிறதா, பழையதைவிட வயர் மெலிந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நாளைக்கு வழக்கு என்று வந்தாலும் கம்பெனி போட்டிருந்த வயர் எத்தனை கனம் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வாங்குபவர் பக்கம் வலுவாகவே நிற்கிறது. கவரில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லை என்றால் கடைக்காரர் ‘நான் வாங்கி விற்பவன்தானே’ என்று கைகழுவ முடியாது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளால் கேடு விளைந்தால், விற்றவரே பொறுப்பு என்கிறது சட்டத்தின் 86-வது பிரிவு. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தன் வாயால் தந்திருந்தாலும், பொருளைத் தானே மாற்றியமைத்து விற்றதால் கேடு வந்தாலும் அதே கதிதான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே.

அதனால்தான் பில் இல்லாமல் வாங்கவே கூடாது. வெறும் ‘வயரிங் செட் 1’ என்று எழுதிய பில்லுக்கும் அவ்வளவு பலம் இல்லை. வண்டியின் மாடல், வருஷம், டைனமோவா ஆல்டர்னேட்டரா, வயர் செம்புதானா, எத்தனை சதுர மில்லிமீட்டர், எத்தனை மாத வாரண்டி என்பதெல்லாம் பில்லிலோ வாட்ஸ்ஆப் செய்தியிலோ எழுத்தில் இருக்க வேண்டும். பட்டறையிலும் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியாக பில் கேட்க வேண்டும். பின்னால் தீப்பிடித்தால் ‘செட் சரியில்லை’ என்று பட்டறையும், ‘மாட்டியது சரியில்லை’ என்று கடையும் மாறிமாறிக் கைகாட்டும். இரண்டு பில்லும் இருந்தால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்.

வாங்கியவர் பக்கத்திலும் ஒரு பலவீனம் உண்டு. வாரண்டி காலத்தில் செட்டை நடுவில் வெட்டி எல்.இ.டி. பாரும் ஏர் ஹாரனும் கோத்திருந்தால் பொருளைத் திருத்தியமைத்தார் என்ற காரணத்தால் கோரிக்கை அடிபடலாம். கூடுதல் சாமான் எதுவானாலும் தனி பியூஸ், தனி ரிலேயில் போக வேண்டும்.

இன்சூரன்ஸ் பக்கம் இன்னும் கவனம் தேவை. பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் சொந்த வண்டி எரிந்ததற்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீட்டில் தீயும் தானாகப் பற்றி எரிவதும் அடங்கும். மின்சாதனக் கோளாறு மட்டும் என்றால் அடங்காது. வயர் மட்டும் கருகினால் மறுப்பார்கள், வண்டி எரிந்தால் தர வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து வருஷம் கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்யலாம் என்பதால், மறுவயரிங் பில்லையும் படங்களையும் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதே அனுப்பிவைப்பது மதிப்பைப் பேசவும் பின்னால் கோரிக்கை வைக்கவும் உதவும். நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டும் அதை நிராகரித்தாலோ ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம்.

ஏதாவது நடந்துவிட்டால் முதல் வேலை பேட்டரி முனையைக் கழற்றுவது. தீ தெரிந்தால் பானட்டை முழுசாகத் திறக்காமல் விலகி நின்று 101-க்கோ 112-க்கோ அழைக்க வேண்டும். அணைந்த பிறகு கருகிய வயரை வெட்டி எறியாமல், இருந்த இடத்திலேயே பல கோணத்தில் படமெடுத்து வைக்க வேண்டும். கடைக்கும் பட்டறைக்கும் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. செட்டைச் சென்னையில் வாங்கியவர் திருநெல்வேலியில் குடியிருந்தால் திருநெல்வேலியிலேயே மனு போடலாம். கெடு இரண்டு வருஷம். பரிசோதனை தேவைப்படும் குறை என்றால், ஆணையமே வயரின் மாதிரியை வாங்கி முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த மாதிரிக்காகத்தான் கருகிய துண்டும், சீட்டு கட்டிய பழைய வயரும் ஒரு சாக்குப்பையில் பத்திரமாக இருக்க வேண்டும்.