ஒரே மெட்டு, இரண்டு கைவண்ணம்

தெரிந்த மெட்டை ஒரு மேதையின் பாணியில் மாற்றிப் போட்டால், "இது காப்பிதானே?" என்று நம்ம பசங்க கேட்பார்கள். இல்லை என்கிறேன் நான்.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) நம்ம திருப்பாச்சூருக்குக் கிழக்கே மணலியில் தங்கியிருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டிலேயே 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சமஸ்கிருதத்தில் அம்பாள் துதி செய்தார். சங்கராபரண ஸ்வரங்கள்தான், ஆனால் கமகம் கிடையாது.

அதே மெட்டை 1803-ல் பீத்தோவன் பியானோவுக்கு ஏழு விதமாக மாற்றினார். ஒன்று சோகமாக இழையும்; அடுத்தது பட்டாளம் மாதிரி நடைபோடும்!

தீட்சிதர் மாற்றியது சொல்லை. பீத்தோவன் மாற்றியது நடையை. பட்டறையில் ஒரே எம்.எஸ். ராடில் ஒருத்தர் ஸ்டெப் டர்னிங், இன்னொருத்தர் டேப்பர் போடுறோமே, அப்படித்தான். ராடு பொது; வேலை அவரவருடையது.