ஒருங்கிணைப்புச் சோதனையும் கட்டளைவரிப் பிழைகளும்

பொன், குடம் என்னுஞ் சொற்கள் இரண்டும் தனித்து நிற்கும்போது குற்றமற்றவை. அவற்றைச் சேர்த்தெழுதுமிடத்துப் பொற்குடம் எனத் திரிதல் வேண்டும். நிலைமொழியையும் வருமொழியையும் நன்கறிந்த ஒருவன் புணர்ச்சி விதியை அறியானாயின் பிழைபடவே எழுதுவான். மென்பொருளாக்கத்திலும் இந்நிலை உண்டு. ஒரு செய்நிரலின் உறுப்புக்களைத் தனித்தனியே ஆராய்வது அலகுச் சோதனை. அவ்வுறுப்புக்கள் ஒன்றோடொன்றும், தரவுத்தளம் முதலிய புறத்துணைகளோடும் கூடி இயங்குமாற்றை ஆராய்வது ஒருங்கிணைப்புச் சோதனை.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பியிருந்த காலநிலை ஆய்வுக்கலம் 1999 செப்டெம்பரில் அழிந்தது. தரையிலிருந்த செய்நிரல் ஒன்று உந்துவிசைக் கணக்கை இறாத்தல் அளவையிற் கொடுக்க, அதனைப் பெற்ற மற்றையது நியூற்றன் அளவையெனக் கொண்டது. கூட்டலிலும் பெருக்கலிலும் இரண்டிலுந் தவறில்லை. இரண்டும் இணையுமிடத்திலேயே தவறு கிடந்தது.

இச்சோதனைகள் பெரும்பாலும் முனையத்திலே கட்டளை தட்டெழுதி இயக்கப்படுவன. திரையில் ஐம்பது வரி ஆங்கிலம் ஓடியவுடனே இளைஞர் பலர் அஞ்சிவிடுகின்றனர். ஏதேனும் ஒரு வரியைப் படியெடுத்து, "சோதனை தோற்றுவிட்டது" என்று பிறரிடம் முறையிடுகின்றனர். சோதனை தோற்றது என்பதும் சோதனை ஓடவில்லை என்பதும் ஒன்றல்ல. பரீட்சையிற் சித்தியெய்தாதவனையும் பரீட்சை மண்டபத்துக்கே போகாதவனையும் ஒரே பட்டியலில் எழுதலாமா? முன்னதற்குச் செய்நிரலைத் திருத்துதல் வேண்டும். பின்னதற்குச் சூழலைத் திருத்துதல் வேண்டும். இதனைப் பிரித்தறியாதார் குற்றமற்ற செய்நிரலைத் திருத்தித் திருத்திக் கெடுப்பர்.

பிரித்தறிதற்கு முதற் கருவி வெளியேறு எண். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கின்றது. 0 எனின் நலம், பிறவெனின் ஏதோ குறை. லினக்ஸ் முனையத்தில் 127 வருமாயின் அக்கட்டளையே அகப்படவில்லை என்பது பொருள். கருவி நிறுவப்படாதிருக்கலாம், அன்றி, நிறுவப்பட்டும், முனையம் தேடும் பாதையில் அதன் அடைவு சேர்க்கப்படாதிருக்கலாம். 126 எனின் கோப்பு உண்டு, இயக்குதற்கு உரிமையில்லை. 137 எனின் அதிலிருந்து 128ஐக் கழித்துப் பார்க்க; எஞ்சும் 9 என்பது வெளியிலிருந்து கொல்லப்பட்டமைக்கு அடையாளம். நினைவகம் போதாமையே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

பைதன் மொழியில் எழுதுவோர் பெரிதுங் கையாளும் பைரெஸ்ற் என்னுஞ் சோதனைக் கருவி இவ்வெண்களை இன்னும் நுட்பமாகத் தருகின்றது. சில சோதனைகள் தோற்றால் 1. கட்டளையைப் பிழையாக எழுதினால் 4. ஒரு சோதனையேனும் அகப்படாவிடின் 5. கோப்பின் பெயர் 'ரெஸ்ற்' என்பதும் அடிக்கோடுமாகத் தொடங்காமலும், அடிக்கோடும் 'ரெஸ்ற்' என்பதுமாக முடியாமலும் இருப்பின், வேறு ஏற்பாடு செய்யாதவரை அக்கருவி அதனைக் கண்ணெடுத்தும் பாராது. மற்றுமொரு பொறியும் உண்டு. சோதனையின் வெளியீட்டைக் குழாய்க்குறி இட்டு வேறொரு கட்டளைக்குச் செலுத்தினால், இறுதியிற் கிடைக்கும் எண் அக்கடைசிக் கட்டளையினது. உள்ளே பத்துச் சோதனைகள் தோற்றிருப்பினும் வெளியே 0 தோன்றும். பைப்பெயில் என்னும் ஏற்பாட்டை இயக்கிவைத்தாலன்றி இது தெரியவராது.

விண்டோஸ் கணினியிலிருந்து வந்த ஓர் ஆணைக்கோப்பை லினக்ஸில் இயக்குங்கால், "அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை" என்னுஞ் செய்தி வருதலுண்டு. கோப்போ கண்ணெதிரே இருக்கின்றது! விண்டோஸ் வரிமுடிவை 13, 10 என்னும் இரு குறிகளால் எழுதும். லினக்ஸ் 10 ஒன்றாலேயே எழுதும். முதல் வரியில் 'பைதன்' என்று இருந்தால், அதன் வாலில் ஒட்டிய 13ஐயும் பெயரின் பகுதியாகக் கொண்டு லினக்ஸ் தேடுகின்றது. அத்தகைய பெயருடைய செய்நிரல் உலகிலில்லை. ஆதலின் செய்தி பொய்யன்று. இல்லாதது எந்தக் கோப்பு என்பதையே நாம் பிழைபட விளங்கிக்கொண்டோம். கிற் களஞ்சியத்தின் பண்புக்கோப்பிலே ஆணைக்கோப்புக்களின் வரிமுடிவு 10 மாத்திரமே என்று எழுதிவைத்தால் இத்தொல்லை மீண்டும் வாராது.

தரவுத்தளத்தோடு கூடிய சோதனைகளில் அடிக்கடி காண்பது இணைப்பு மறுக்கப்பட்டது என்னும் அறிவிப்பு. போஸ்கிறெஸ் தரவுத்தளம் வழக்கமாக 5432 என்னுந் துறையிற் செவிசாய்க்கும். மறுப்பு உடனே வந்தால், அக்கணினி உண்டு, அத்துறையில் எவரும் இல்லை என்பது பெரும்பாலும் பொருள். நெடுநேரங் காத்திருந்து காலங்கடந்தது என வருமாயின், வழியிலே தீச்சுவர் ஒன்று மௌனமாய்த் தடுத்திருக்கலாம். கடவுச்சொல் பிழை என வருதல் இவற்றினும் நல்ல செய்தி. சேவையகத்தின் வாயில்வரை சென்றுவிட்டோமன்றோ?

டொக்கர் கொள்கலன்களிற் சோதிப்போர் இரண்டிடத்து இடறுகின்றனர். கொள்கலனுக்குள்ளிருந்து லோக்கல்ஹோஸ்ற் என்று அழைத்தால் அது அக்கொள்கலனையே குறிக்கும். தரவுத்தளம் இருக்கும் அயற் கொள்கலனை அதற்குரிய சேவைப் பெயராலேயே அழைத்தல் வேண்டும். இனி, தரவுத்தளக் கொள்கலன் முன்னர்த் தொடங்குக என்று எழுதிவிட்டால் மாத்திரம் போதாது. அது தொடங்கியதா என்று பார்க்கப்படுமேயன்றி, விடை சொல்ல ஆயத்தமாயிற்றா என்று பார்க்கப்படுவதில்லை. ஆயத்தநிலையைச் சோதிக்கும் விதியொன்றை நாமே சேர்த்தல் வேண்டும். சிலர் சோதனையின் தொடக்கத்திலே பத்து விநாடி உறங்குமாறு எழுதிவிடுகின்றனர். விரைவான கணினியில் அது வீண். மெதுவான கணினியில் அது போதாது.

நாற்பது சோதனைகள் ஒருங்கே தோற்றால் நாற்பது பிழைகள் உள்ளன என்று மலைக்க வேண்டுவதில்லை. முதற்றோல்வியோடு நிறுத்துமாறு கட்டளையிட்டு அதனை மட்டும் படித்தல் நன்று. பைதனின் பிழைச்சுவடு ஒவ்வொன்றிலும் இறுதி வரியே நிகழ்ந்தது யாதென்று சொல்லும். ஆயினும், முன்னைய பிழையைக் கையாளுகையில் மற்றொன்று நேர்ந்தது என்று இடையே ஒரு வாக்கியம் இருப்பின், மூலகாரணம் அதற்கு மேலே இருக்கின்றது.

தனித்து ஓடும்போது வென்று, கூட்டத்தோடு ஓடும்போது தோற்குஞ் சோதனையே மிகவும் அலைக்கழிப்பது. முன்னோடிய சோதனை தரவுத்தளத்தில் விட்டுச்சென்ற எச்சத்தை இது மிதித்துவிடுகின்றது. மறுமுறை ஓட்டினால் வெல்லும் என்று விட்டுவிடுதலும், தவிர்க்க என்று குறியிட்டு மூடிவிடுதலும் தொழிற்கு இழுக்கு என்பேன். தவிர்க்கப்பட்ட சோதனை எதையுங் காவாது. காவல் உண்டு என்ற பொய்த்துணிவை மாத்திரந் தரும்.

தமிழ் எழுத்தைக் கையாளுஞ் செய்நிரல்களில் தனியான ஓரிடர் உண்டு. ஒருங்குறியிலே 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பும் அரவும் எனப் பிரித்து இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே; கணினிக்கோ முன்னையது ககரத்தோடு இரண்டு குறி, பின்னையது மூன்று குறி. நூலகப் பட்டியலொன்றில் 'கொன்றைவேந்தன்' என்று ஒருவகையாற் பதிந்து, மற்றைவகையாற் தேடினால் நூல் இல்லை என்றே விடை வரும். எதிர்பார்த்தது கொன்றைவேந்தன், கிடைத்தது கொன்றைவேந்தன் என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டிச் சோதனை தோற்குங்கால் மயங்காதார் அரியர். இரு சொற்களின் நீளத்தையும் எண்ணிப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். என்.எவ்.சி. என்னும் இயல்பாக்க முறையாற் பதியுமிடத்தும் தேடுமிடத்தும் சொல்லை ஒருப்படுத்தினால், அச்சோதனை வெல்லும்.