முதியோர் இல்லம்: அளவும் செலவும்

பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர்கள் எங்கள் கிளைகளில் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: "முதியோர் இல்லத்தில் சேர எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?" ஒரே ஊரில், ஏறக்குறைய ஒத்த வசதிகளுக்கு, இரண்டு இல்லங்கள் வெவ்வேறு கட்டணம் கேட்பது அவர்களைத் திகைக்க வைக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்று இல்லத்தின் அளவு.

எளிய கணக்கொன்றைக் காண்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரம் 48 மணி நேரம் பணியாற்றினால், இரவும் பகலும் ஒருவர் பணியில் இருக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் கருதினால் நால்வர். தலைக்கு ரூ.25,000 ஊதியம் எனக் கொண்டால் மாதச் செலவு ரூ.1,00,000. இருபது பேர் வாழும் இல்லத்தில் இது ஒருவருக்கு ரூ.5,000, ஐம்பது பேர் வாழும் இல்லத்தில் ரூ.2,000. ஜெனரேட்டர், லிஃப்ட், மேலாளர் ஊதியம் ஆகியவற்றுக்கும் இக்கணக்கே பொருந்தும்.

ஆயினும் இல்லம் பெரிதாகப் பெரிதாகச் செலவு குறைந்துகொண்டே போவதில்லை. குளிப்பாட்டவும் உணவூட்டவும் வேண்டிய உதவியாளர்கள், முதியோர் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்ந்தே ஆக வேண்டும். ஓரளவைத் தாண்டினால் கூடுதல் செவிலியரும் மேற்பார்வையாளரும் தேவைப்படுவர். அன்றியும், மிச்சமாகும் தொகை கட்டணக் குறைப்பாகவே வரும் என்பதற்கு உறுதியில்லை. அது நிறுவனத்தின் இலாபமாகவும் தங்கிவிடலாம்.

சிறிய இல்லத்தில் முதியவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவருடைய பசியும் உறக்கமும் பணியாளருக்குத் தெரியும். ஆனால் அங்கே வெற்றிடம் பெருஞ்சுமை. இருபது படுக்கைகளுள் ஐந்து காலியானால், மேற்சொன்ன செவிலியர் செலவு ரூ.5,000இலிருந்து ஏறத்தாழ ரூ.6,667 ஆக உயரும். கட்டணம் ஏறும், அல்லது இல்லமே மூடப்படும்.

வரியையும் கவனித்தல் நலம். வருமானவரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறநிறுவனங்கள் நடத்தும் இல்லங்களில், 60 வயது நிறைந்தோருக்கு உணவு, உறைவிடம், பராமரிப்பு அனைத்தும் சேர்ந்த கட்டணம் மாதம் ரூ.25,000 வரை இருப்பின் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

இனி வருவாய்ப் பக்கம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான ரூ.30 லட்சத்தை 8.2 விழுக்காடு வட்டியில் வைத்தால் காலாண்டுக்கு ரூ.61,500, அதாவது மாதம் ரூ.20,500 கிடைக்கும். ஐந்தாண்டுக்கு இத்தொகை மாறாது. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால் ஒன்பது ஆண்டுகளில் இரட்டிப்பாகும். ஆகவே வட்டி முழுவதையும் செலவிடாது, ஒரு பகுதியை மறுமுதலீடு செய்வது இன்றியமையாதது.

முன்பணம் கட்டுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். எத்தனை படுக்கைகள் நிரம்பியுள்ளன? இரவில் செவிலியர் உண்டா? கட்டண உயர்வுக்கு ஒப்பந்தத்தில் வரம்பு உண்டா? விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? வங்கி வைப்புகளுக்கு உள்ள ரூ.5 லட்சம் காப்பீடு, இல்லத்திடம் கட்டும் முன்பணத்திற்கு இல்லை என்பதை நினைவிற் கொள்க. இல்லம் மூடப்பட்டால், தங்குமிடத்தையும் சேமிப்பையும் ஒருசேர இழக்கும் நிலை முதியவருக்கு நேரிடலாம். எனவே ஒப்பந்தத்தைக் குடும்பத்தாருடன் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.