மலாக்காவுக்கு வெயில் வரும், ஜப்பான் அலை வராது

சென்ற தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். அப்பா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது எங்களோடு தாமான் வீட்டில் இருக்கிறார். பேட்டரி மாற்றக் கடைக்கு அலையக் கூடாது, மூக்குக்கண்ணாடி இல்லாமலே எண் தெரிய வேண்டும். இந்த இரண்டுதான் என் தேவை.

கடைப் பையன் எடுத்துக் காட்டியது அதற்கும் ஒரு படி மேல். “அண்ணே, இது சோலார். பேட்டரி மாத்துற வேலையே இல்ல. ரேடியோ கண்ட்ரோலும் இருக்கு. ஜப்பான்ல இருந்து சிக்னல் வரும், தானாவே நேரத்தத் திருத்திக்கும். ஒரு செகண்டுகூட தப்பாது” என்றான். ரேடியோ வசதி இல்லாத அதே போன்ற கடிகாரத்தைவிட இருநூறு வெள்ளி கூடுதல். அப்பாவுக்குத்தானே என்று கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவின் கையில் கட்டிவிட்டு, பையன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அப்பா சிரித்தார். “ஜப்பான் நேரமா? அது உங்க தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டுப் போயிருச்சுப்பா” என்றார்.

அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொன்று விளங்கியது. கடிகாரம் என் கைப்பேசியைவிட அரை நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக எந்த நாளில் அலை கிடைத்தது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். வெறும் கோடுகள். வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட அலை கிடைக்கவில்லை.

கடிகாரம் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கையேட்டைப் பொறுமையாகப் படித்த பிறகு உண்மை தெரிந்தது. கடிகாரத்தில் எந்தக் குறையும் இல்லை. நாம் இருக்கும் இடம்தான் தூரம்.

நொடியைச் சுமந்து வரும் அலை

இன்று நாம் கட்டும் சாதாரணக் கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் வகை. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் கடிகாரம் நொடியை அறிகிறது. வெப்பநிலை மாறினால் அதிர்வும் மிகச் சிறிதளவு மாறும். அதனால் மாதத்துக்கு 15 நொடி வரை முந்தலாம், பிந்தலாம் என்று பல கையேடுகளில் போட்டிருப்பார்கள். என் அப்பாவின் கடிகாரம் மூன்று மாதத்தில் அரை நிமிடம் முந்தியதும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

இந்தச் சிறு பிழையையும் போக்க வந்ததுதான் ரேடியோ கண்ட்ரோல். சில நாடுகள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை நெட்டலை வானொலியில் இரவும் பகலும் அனுப்புகின்றன. அதில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. நொடிக்கு ஒரு துடிப்பு. துடிப்பு நீளமா குட்டையா என்பதை வைத்து மணி, நிமிடம், நாள் எல்லாவற்றையும் கடிகாரம் படித்துக்கொள்ளும். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, நாம் தூங்கும்போது, சில நிமிடங்களில் இந்த வேலையை முடித்துவிடும். இந்த வகைக் கைக்கடிகாரத்தை 1990ல் முதலில் கொண்டு வந்தது ஜெர்மனியின் யுங்கான்ஸ் நிறுவனம். அலையைப் பிடிக்கும் கம்பியை அவர்கள் கைப்பட்டைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

ஆறு நிலையங்கள், ஒன்றும் நம் பக்கம் இல்லை

கடையில் ‘மல்டிபேண்ட் 6’ என்று எழுதியிருந்தால், ஆறு நிலையங்களின் அலையைப் படிக்கும் என்று பொருள். ஜப்பானில் இரண்டு, சீனாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. மலேசியாவில் இத்தகைய நிலையம் இல்லை. சிங்கப்பூரிலும் இல்லை.

ஜப்பானின் முதல் நிலையம் ஃபுகுஷிமா மாநில மலையொன்றில் 1999ல் தொடங்கியது. இரண்டாவது 2001ல் கியூஷு தீவில் வந்தது. இந்த அலைகள் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்று கடிகாரக் கையேடுகள் சொல்கின்றன. சீனாவின் ஷாங்சியூ நிலையத்துக்கு 1,500 கிலோமீட்டர். மலாக்காவிலிருந்து கியூஷு ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். ஷாங்சியூ 3,800 கிலோமீட்டருக்கும் மேல். அலை எப்படி வந்து சேரும்?

இரவில் நெட்டலை வானத்தில் பட்டுத் திரும்பி அதிக தூரம் போகும் என்பது உண்மை. அதனால் நம் வட்டாரத்திலும் ஏதோ ஓர் இரவில் அலை சிக்கியது என்று சொல்வோர் உண்டு. முயன்று பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி இருக்கிறது. பல கடிகாரங்களில் சொந்த ஊரைச் சிங்கப்பூர் என்று வைத்தால் அது அலையைத் தேடவே தேடாது. ஹாங்காங் என்று வைத்தால் தேடும். இரண்டு ஊருக்கும் நம் நேரம்தான். இரவில் டிவி, குளிர்ப்பெட்டி போன்றவற்றுக்குத் தள்ளி, ஜன்னல் ஓரம் வைத்துப் பார்க்கலாம். நான் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அதே கோடுகள்தான். கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பிக் காசு கொடுக்க முடியாது.

அலை கிடைக்கும் ஜப்பானிலேயே அது ஒரு முறை நின்றுபோனது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் அணு உலை விபத்தும் நேர்ந்தபோது, ஃபுகுஷிமா நிலையத்தின் ஊழியர்கள் மார்ச் 12ஆம் தேதி இடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஏப்ரல் 21ஆம் தேதிதான் அலை மீண்டது. அத்தனை நாளும் அந்த வட்டாரத்துக் கடிகாரங்கள் நின்றுவிடவில்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்பாவின் கடிகாரமும் அப்படித்தான் ஓடுகிறது.

வெயில் மட்டும் ஏமாற்றவில்லை

கடைப் பையன் சொன்னதில் சோலார் என்ற பாதி முழு உண்மை. ஒளியால் ஓடும் முள் கடிகாரத்தைச் சிட்டிசன் நிறுவனம் 1976லேயே விற்பனைக்குக் கொண்டு வந்தது. எண்பலகையின் அடியிலோ ஓரத்திலோ ஒளியை மின்சாரமாக்கும் தகடு இருக்கும். அந்த மின்சாரம் மறுபடி மறுபடி சார்ஜ் ஏறும் பேட்டரியில் சேரும்.

மாதிரிக்கு மாதிரி கணக்கு மாறும். ஆனாலும் ஒரு நாள் ஓட்டத்துக்கு நல்ல வெயிலில் சில நிமிடங்களும், ஜன்னல் ஓர வெளிச்சத்தில் ஏறக்குறைய அரை மணி நேரமும் போதும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. அறை விளக்கு மட்டும் என்றால் எட்டு மணி நேரம்கூட ஆகலாம். நாள் முழுக்க அலுவலகத்தில் நீளக்கைச் சட்டைக்குள் கடிகாரத்தை மறைத்து வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது அதை ஜன்னலோரம் வைப்பது நல்லது. அதற்காகக் காரின் முன்கண்ணாடி அடியில் வைத்துவிடாதீர்கள். மூடிய காரின் சூடு பேட்டரியைக் கெடுக்கும்.

‘பேட்டரி மாற்றவே வேண்டாம்’ என்பதையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரி பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் சாகாவரம் பெற்றதல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பின்மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம். திறந்து மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காராமல், அதன் பிறகு தண்ணீர் புகுந்து கெட்டுப்போன கடிகாரங்கள் எத்தனையோ.

அப்பா சொன்ன ஜப்பான் நேரம்

கோடுகளைக் காட்டி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் தாத்தா கதை வந்தது.

நம் கடிகார நேரத்தைப் பலமுறை பலர் மாற்றியிருக்கிறார்கள். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த காலத்தில், 1905ல், நம் நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னதாக வைக்கப்பட்டது. 1933ல் அதோடு 20 நிமிடம் சேர்ந்தது. 1941ல் ஏழரை மணி ஆனது. 1942ல் ஜப்பானியர் வந்ததும் ஒரே தாவலாக ஒன்பது மணி. அதாவது தோக்கியோ நேரம். மலாக்காவில் சூரியன் எழும்போது கடிகாரம் காலை 8 மணியைத் தாண்டியிருக்கும். தோட்டத்துத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனதும் அந்த ஆண்டுகளில்தான். “கடியாரம் எட்டுன்னு சொல்லும், வெளிய அப்பதான் விடியும்னு உங்க தாத்தா சொல்வாரு. வேற எதுவும் அந்தக் காலத்தப் பத்திப் பேச மாட்டாரு” என்றார் அப்பா.

போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. கடைசி மாற்றம் அப்பாவுக்கே நினைவிருக்கிறது. தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணியை 12 மணி ஆக்கினார்கள். 1982 பிறந்தபோது நமக்கு அரை மணி குறைந்திருந்தது.

“மனுசன் முள்ளத் திருப்பிட்டான். மரம் திருப்பலயே” என்றார் அப்பா. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், மங்கில் விழும் பாலும் குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. பால் வெட்டுக்காரனின் கூலி சூரியனோடு கட்டப்பட்டிருந்தது.

இன்றும் மலாக்காவில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.10 மணி அளவில்தான். ஜப்பான் அலை கிடைத்து நொடி பிசகாமல் ஓடும் கடிகாரமும் உச்சிப் பொழுதை 12 என்று காட்டாது. நேரம் என்பது நாடு செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை இன்று நம் நாட்டில் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காத்து வருவது சிரிம் நிறுவனத்தின் கீழ் இயங்கும் தேசிய அளவியல் கழகம். அது இணையம் வழி நேரத்தை வழங்குகிறது. நெட்டலையில் அல்ல.

ஓடுகிறவருக்கு எது வேண்டும்?

என் அண்ணன் மகள் பள்ளியில் குறுக்கோட்டம் ஓடுகிறாள். அவளும் ரேடியோ கடிகாரம்தான் வேண்டும் என்று நின்றாள். அவளிடம் ஒரு கணக்குச் சொன்னேன். மாதத்துக்கு 15 நொடி என்றால் நாளுக்கு அரை நொடி. அரை மணி நேர ஓட்டத்தில் அது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. பொத்தானை அழுத்தும் விரலின் தாமதமே அதைவிடப் பல மடங்கு அதிகம். அதோடு ஸ்டாப்வாட்ச் அலையைப் பார்த்து எண்ணுவதில்லை. படிகத்தை வைத்துத்தான் எண்ணுகிறது.

விளையாட்டுக்கு வேண்டியது அடி தாங்கும் உடல், வியர்வை தாங்கும் பட்டை, ஓடும்போதே தெரியும் எண்கள். கடிகாரம் கீழே விழுந்தால் உடையக் கூடாது என்பதற்காகவே கேசியோவின் பொறியாளர் கிகுவோ இபே உழைத்து, 1983ல் முதல் ஜி-ஷாக் வந்தது. அதில் சோலாரும் இல்லை, ரேடியோவும் இல்லை. நீச்சலுக்கு என்றால் 10 பார் என்று எழுதியிருப்பது பாதுகாப்பு. ‘30 மீட்டர்’ என்று இருப்பதை நம்பி நீந்தக் கூடாது. அது மழைக்கும் கை கழுவுவதற்கும்தான்.

கடைக்குப் போகும் முன்

வெளிநாட்டுக்கு, குறிப்பாக ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்காவுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் ரேடியோ வசதி பயன்படும். மலாக்காவிலேயே இருப்பவர் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். நேரம் தானாகவே திருந்த வேண்டும் என்று விரும்பினால் புளூடூத் வழி கைப்பேசியோடு சேரும் சோலார் கடிகாரத்தைக் கேளுங்கள். செயற்கைக்கோளிடமிருந்து நேரம் பெறும் வகையும் உண்டு. திறந்த வானம் இருந்தால் அது இங்கும் வேலை செய்யும், விலைதான் அதிகம். விற்பவர் “சிக்னல் வரும்” என்றால், “ஜாசினில் வருமா?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. தொழிற்சாலை வாசலில் இருக்கும் பஞ்ச் இயந்திரம் உங்கள் கைக்கடிகாரத்தைக் கேட்காது. அதன் நேரத்துக்கு உங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வதுதான் சம்பளத்துக்கு நல்லது.

அப்பாவின் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருக்கு அது பிடித்துவிட்டது. காலையில் வாசல் திண்டில் காய வைத்துவிட்டுத்தான் கையில் கட்டுகிறார். தோட்டத்து லயத்தில் இருந்தபோது, வானொலியில் செய்தி தொடங்கும் நேரத்தைப் பார்த்துச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்துவது அவர் வழக்கம். இப்போதும் மாதம் ஒரு முறை பழைய வானொலிப் பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டு, பொத்தானில் விரலோடு காத்திருக்கிறார். கைப்பேசியில் இணையம் வழி கேட்டால் சில நொடி பிந்தி வரும் என்று நான் சொன்னதால், பெட்டியில்தான் கேட்கிறார்.

செய்தி தொடங்கியதும் பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொல்வார்: “ஆச்சுப்பா. ரேடியோ கண்ட்ரோல் பண்ணியாச்சு.”