வேனில் யாருக்கு எந்த சீட்? குடும்பப் பயணத்தில் உடம்பைக் காக்கும் கணக்கு

உம்றாவுக்குப் போகிறவரை வழியனுப்ப, இஷாத் தொழுகைக்குப் பிறகு கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் வேன்களை நாம் எல்லோரும் அறிவோம். வேன்காரர் "எத்தனை பேர்?" என்று கேட்பார். "பெரியாக்கள் பத்துப் பேர். சின்னப் புள்ளயள் நாலு, அதுகள மடியில வெச்சிக்குவம்" என்று பதில் வரும். முன் சீட் பெரியவருக்கு அல்லது புது மருமகனுக்கு. கைக்குழந்தை உம்மாவின் மடியில். மெலிந்த பிள்ளை நடுவழியில் விரிக்கும் மடக்கு சீட்டில். உம்மம்மா சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதுவார். வேன் மகாஓயாவைத் தாண்டுவதற்குள் முன் சீட்டில் இருப்பவர் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து நித்திரையாகிவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் மரியாதை உண்டு, அன்பும் உண்டு. உடம்புக்கு எது பாதுகாப்பு என்ற கணக்கு மட்டும் இல்லை. சாய்மானம், உயரம், தூரம், பெல்ட், தலைப்பகுதி ஆகிய ஐந்தும் சரியாக அமைந்தால்தான் ஒரு சீட் ஆளைக் காப்பாற்றும். அதில் ஒன்று பிசகினாலும் மற்றவை பாதி வேலைதான் செய்யும்.

மோதும்போது உடம்புக்கு நடப்பது

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் சுவரில் மோதினால், பெல்ட் போடாதவரின் உடம்பு அதே 50 கிலோமீற்றர் வேகத்தில் முன்னே போய் மோதும். சுமார் 10 மீற்றர் உயரத் தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்கு இது சமம். நம் கரையோரப் பிரதான வீதியில், அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை, 50 என்பது யாரும் வேகமாகவே நினைக்காத வேகம். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடு திடீரென எழுந்தால், பிரேக் பிடிப்பதற்குக் கிடைப்பது ஒரு கணம்தான்.

அந்த வேகத்திலிருந்து அரை மீற்றர் தூரத்துக்குள் உடம்பு நின்றால், அதன் மீது வரும் விசை எடையின் ஏறக்குறைய 20 மடங்கு. மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். எந்த உம்மாவின் கையாலும் அது முடியாது. பாசத்துக்கும் பலத்துக்கும் இங்கே வேலையில்லை.

பெல்ட் இந்த விசையை இடுப்பெலும்பு, மார்புக்கூடு, காறை எலும்பு ஆகிய வலுவான எலும்புகளின் மேல் பரப்பி விடுகிறது. 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டின் அடிப்படையே இதுதான். பெல்ட் அணிவதால் மரண அபாயம் 50 சதவீதம் வரை குறையலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

பின் சீட்டில் எதற்கு பெல்ட்?

"பின்னுக்குத்தானே இருக்கோம்" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் வார்த்தை. 2022 செப்டம்பர் 4ஆம் திகதி, டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே பால்கரில் நடந்த விபத்தில் இறந்தார். அவர் இருந்தது விலையுயர்ந்த மெர்சிடிஸ் காரின் பின் சீட்டில். பின் சீட்டில் இருந்த இருவருமே பெல்ட் அணிந்திருக்கவில்லை, இருவரும் இறந்தார்கள். முன் சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்துடன் உயிர் தப்பினார்கள்.

பின் சீட்டில் பெல்ட் போடாதவர் தனக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்வதில்லை. ஜப்பானிய விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, பின்னால் இருப்பவர் பெல்ட் அணியாதபோது, முன்னால் பெல்ட் அணிந்திருப்பவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பின்னாலிருந்து பறந்து வரும் உடம்பு முன் சீட்டையும் அதில் இருப்பவரையும் சேர்த்து நசுக்குகிறது. வாப்பா முன்னால் பெல்ட் போட்டிருந்தாலும், பின்னால் இருக்கும் மகன் போடாவிட்டால் வாப்பாவின் பெல்ட்டும் வீணாகலாம்.

இலங்கையில் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் ஆசனப்பட்டி அணிவது 2011 முதல் கட்டாயம். 2025இல் அதிவேக நெடுஞ்சாலைகளில் எல்லாப் பயணிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. நம் பகுதியில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. அதனால் பின் சீட் பெல்ட்டை பொலிஸுக்காகப் போட வேண்டிய தேவை இங்கே வருவதில்லை, நமக்காகத்தான் போட வேண்டும்.

சாரதி சீட்: வரிசையாகச் சரிசெய்யுங்கள்

ஒரே வெகன் ஆர் காரைக் காலையில் கணவரும் மாலையில் மனைவியும் ஓட்டும் வீடுகள் இப்போது நிறைய. ஆள் மாறும்போது சீட்டும் மாற வேண்டும். வாகனம் நிற்கும்போது மட்டும், இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. இடுப்பின் பின்பகுதி சாய்மானத்தில் முழுதாகப் படும்படி உட்காருங்கள்.
2. பிரேக்கைக் கடைசி வரை மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும்.
3. உயர லீவர் இருந்தால், வீதி நன்றாகத் தெரியும் அளவுக்கு உயர்த்துங்கள். தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு கையளவு இடைவெளி இருக்கட்டும்.
4. சாய்மானத்தைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி வையுங்கள். தோள் சாய்மானத்தை விட்டு விலகாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும்.
5. மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்ரிமீற்றர் விடுங்கள். எயார்பேக் கண்ணிமைக்கும் நேரத்தை விட வேகமாக விரியும், அதற்கு இடம் வேண்டும்.
6. ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு தலை உச்சியின் மட்டத்துக்கு வர வேண்டும். கழுத்து மட்டத்தில் இருந்தால், பின்னாலிருந்து இன்னொரு வாகனம் மோதும்போது தலை அதற்கு மேலாகப் பின்னோக்கி மடங்கி கழுத்து நரம்புகளும் தசைகளும் காயப்படும்.
7. கண்ணாடிகளைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள்.

நகர்த்திய பிறகு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, சீட் தண்டவாளத்தில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாத சீட் பிரேக் பிடிக்கும் நேரத்தில் வழுக்கும். பிரேக்குக்குக் கீழே உருண்டு போகும் தண்ணீர்ப் போத்தலும் கழற்றி வைத்த செருப்பும் அதே அளவு ஆபத்தானவை.

சாய்ந்து தூங்கும் முன் சீட்

சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவர் சீட்டைப் படுக்கையாக்கித் தூங்குவது நீண்ட பயணங்களில் வழக்கம். சாய்ந்திருக்கும்போது தோள் பட்டி மார்பை விட்டு விலகி நிற்கிறது, இடுப்புப் பட்டி வயிற்றுக்கு ஏறுகிறது. மோதும் கணத்தில் உடம்பு பட்டிக்கு அடியால் முன்னோக்கி வழுக்கும். அப்போது பட்டி இடுப்பெலும்பைப் பிடிப்பதற்குப் பதிலாகக் குடலையும் ஈரலையும் மண்ணீரலையும் அழுத்தும். வெளியே காயம் தெரியாமல் உள்ளே இரத்தம் கசியும் விபத்துகளில் இதுவும் ஒன்று. டாஷ்போர்டில் கால் வைத்து உட்காருவதும் இப்படித்தான். எயார்பேக் விரிந்தால் முழங்கால் முகத்தில் வந்து மோதும், இடுப்பு மூட்டு விலகும்.

நித்திரை வந்தால் பின் சீட்டுக்கு மாறுங்கள், அங்கும் நிமிர்ந்து பெல்ட்டோடு இருங்கள். முன் சீட் விழித்திருந்து சாரதியோடு பேசிக்கொண்டு வருபவருக்கு உரியது.

பிள்ளைகளுக்குத் தனி இடம்

வேன் பேசும்போது பிள்ளைகளையும் தலைக்கணக்கில் சேருங்கள். நாலு பிள்ளைகள் என்றால் நாலு இருக்கை.

* கைக்குழந்தை, சின்னக் குழந்தை: பின்பக்கம் முகம் பார்க்கும் குழந்தை ஆசனம், பின் சீட்டில். எயார்பேக் இயங்கும் முன் சீட்டில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் எயார்பேக் குழந்தையின் தலையிலேயே அடிக்கும். குறைந்தது 15 மாதம் வரையும், ஆசனம் இடம் கொடுத்தால் அதற்கு மேலும், பின்பக்கமே பார்க்கட்டும். குழந்தையின் தலை பெரிது, கழுத்து இளசு.
* அடுத்த பருவம்: முன்பக்கம் பார்க்கும் ஆசனம், அதன் சொந்தப் பட்டிகளோடு. பட்டிக்கும் மார்புக்கும் இடையே ஒரு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.
* பள்ளிப் பிள்ளைகள்: பூஸ்டர் எனப்படும் உயர்த்தி. அது இல்லாமல் வாகன பெல்ட் மட்டும் போட்டால், தோள் பட்டி கழுத்தை அறுக்கும் இடத்தில் நிற்கும். உயரம் 135 முதல் 150 சென்ரிமீற்றர் வரும்வரை உயர்த்தி தேவை.
* 12 வயது வரை பின் சீட்டே சிறந்தது.

குழந்தை ஆசனங்கள் மரண அபாயத்தைப் பெருமளவு குறைக்கின்றன. கைக்குழந்தைகளில் அது 71 சதவீதம் வரை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஆசனம் வாங்கும்போது உங்கள் வாகனத்தில் பூட்டிப் பார்த்து வாங்குங்கள். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய ஆசனம் வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்து "ஸ்டியரிங் பிடிக்க" விடுவது விளையாட்டல்ல. எயார்பேக்குக்கும் வாப்பாவின் நெஞ்சுக்கும் நடுவில் பிள்ளை இருக்கிறது.

கர்ப்பிணிகள், அபாயா அணிபவர்கள், வயதானவர்கள்

கர்ப்பிணித் தாய் பெல்ட் போடக் கூடாது என்பது தவறான நம்பிக்கை. இடுப்புப் பட்டியை வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் தாழ்வாகப் போடுங்கள். தோள் பட்டி மார்புகளுக்கு நடுவாக வந்து வயிற்றுக்குப் பக்கவாட்டில் இறங்கட்டும். வயிற்றின் குறுக்கே பட்டி போகக் கூடாது. முன் சீட்டில் இருந்தால், இயன்றளவு பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள்.

அபாயா அணிந்தவர்கள் உட்கார்ந்ததும் துணியின் மடிப்புகளை விரித்துவிட்டு, பட்டி உடம்போடு படியும்படி இழுத்துப் பூட்டுங்கள். கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் பெல்ட் போட்டால் பட்டி தளர்ந்தே இருக்கும். கழுத்தருகே தோள் பட்டி வரும் இடத்தில் முக்காட்டு ஊசி குத்தாமல், சற்றுத் தள்ளிக் குத்துங்கள்.

உம்மம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், முதலில் சீட்டின் ஓரத்தில் வெளிப்பக்கம் பார்த்து உட்காரச் சொல்லி, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். உயரமான வேனுக்கு ஒரு படிப்பலகை போதும். சம்மணமிட்டு உட்கார்ந்தால் இடுப்புப் பட்டி சரியாகப் பொருந்தாது. கால் வலித்தால் வாகனத்தை நிறுத்திக் காலாற விடுவதுதான் முறை.

பழைய வேனும் குஷன் வேலையும்

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் நம் வீதிகளில் வயதான டொல்பின் வேன்களும் டவுன்ஏஸ்களும் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் பின் சீட் பெல்ட்களைப் பார்த்தால், பாதி குஷனுக்கு அடியில் புதைந்திருக்கும். புதிய சீட் கவர் போட்டபோது கொக்கியையும் சேர்த்து மூடியிருப்பார்கள். குஷன் வேலை கொடுக்கும்போதே பெல்ட் கொக்கிகள் வெளியே வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சாய்மானத்தின் ஓரத்தில் எயார்பேக் என்று எழுதிய சிறிய வில்லை இருந்தால், அந்தப் பக்கத்தை மூடும் கவர் போடாதீர்கள்.

கூடுதல் வரிசை சீட்டை சாதாரண போல்ட்டால் தரைத் தகட்டில் முறுக்கி வைத்திருந்தால், மோதலில் சீட்டே பிடுங்கிக்கொண்டு வரும். பெல்ட்டைச் சடாரென இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். நைந்த பட்டியையும், பெரிய விபத்தில் இருந்த பட்டியையும் மாற்றுங்கள். எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்துவதற்கென்று விற்கும் வெறும் கொக்கிகளை வாங்காதீர்கள். 50 கிலோ அரிசி மூடையைக் கடைசி சீட்டின் மேல் போடாமல் டிக்கியில் தரையோடு வைத்துக் கட்டுங்கள்.

நீண்ட பயணத்தில் கால்கள்

உம்றா முடித்துத் திரும்புபவருக்கு ஜித்தாவிலிருந்து ஐந்தாறு மணிநேர விமானப் பயணம், பிறகு கட்டுநாயக்காவிலிருந்து கல்முனைக்கு எட்டு மணிநேர வேன். நான்கு மணிநேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பெரும்பாலோருக்கு அது குறைவான அபாயமே. கர்ப்பிணிகளுக்கும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், முன்பு இரத்தம் உறைந்தவர்களுக்கும் கூடும். இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலோ தாமதிக்க வேண்டாம், 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள்.

புறப்படுமுன்

வேனை வாடகைக்குப் பேசும்போது "எத்தனை சீட்?" என்பதோடு "எத்தனை பெல்ட் வேலை செய்யும்?" என்றும் கேளுங்கள். பெல்ட்டின் எண்ணிக்கை ஆட்களை விடக் குறைந்தால், இரண்டாவது வாகனம் பேசுங்கள். பிள்ளைகளுக்குப் பின் சீட்டில் முதலில் இடம் ஒதுக்குங்கள். பயண துஆவை ஓதி முடித்ததும், ஒவ்வொருவரின் பெல்ட்டும் பூட்டியிருக்கிறதா என்று குடும்பத்தில் ஒருவர் திரும்பிப் பார்க்கட்டும். அந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைக்கே கொடுக்கலாம். அதன் பிறகுதான் வேன் நகர வேண்டும்.