கணினியின் டிபிஎம் பாதுகாப்புச் சில்லு கண்டறியப்படாமை

டிபிஎம் என்பது கணினியின் குறியாக்கச் சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் சிறு சில்லு ஆகும். டிரஸ்டட் பிளாட்ஃபார்ம் மாட்யூல் என்பதன் சுருக்கமே டிபிஎம். டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்னும் அமைப்பு இதற்கான வரையறையை வெளியிடுகிறது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பதிப்பைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகே பலர் இச்சில்லைப் பற்றி அறிந்தனர். சில வேளைகளில் சில்லு கணினியில் இருந்தும் இயங்குதளத்தால் அதனைக் கண்டறிய முடிவதில்லை.

வகைகள்

டிபிஎம் இரு வடிவங்களில் பரவலாகக் காணப்படுகிறது. ஒன்று, தாய்ப்பலகையில் தனியாகப் பொருத்தப்படும் சில்லு. மற்றொன்று, தனிச் சில்லு இன்றி நிலைபொருள் வழியாக இயங்குவது. இன்டெல் கணினிகளில் இது பிடிடி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் அழைக்கப்படுகிறது. ஆகவே, அமைப்புப் பட்டியலில் டிபிஎம் என்ற பெயர் இல்லை என்பதால் அவ்வசதியே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது

எந்த மாற்றமும் செய்யும் முன், பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கினால், 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அது பயனரின் மைக்ரோசாப்ட் கணக்கிலோ, அச்சிட்ட தாளிலோ, அலுவலக நிர்வாகியிடமோ இருக்கலாம். சில்லின் நிலை மாறும்போது கணினி இச்சாவியைக் கேட்கக்கூடும். வேறு படி இல்லாத நிலையில் சாவியும் கிடைக்காவிட்டால், வட்டில் உள்ள ஆவணங்களையும் படங்களையும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத் தர இயலாது.

சரிபார்க்கும் முறை

1. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். சில்லு கண்டறியப்பட்டிருந்தால், திறக்கும் சாளரத்தில் அதன் நிலையும் பதிப்பும் தெரியும். இல்லையெனில், பொருத்தமான டிபிஎம் காணப்படவில்லை என்ற செய்தி தோன்றும். லினக்சில் டெவ் அடைவினுள் டிபிஎம்0 என்ற சாதனக் கோப்பு உள்ளதா என்று பார்க்கலாம்.

2. கணினியை முழுமையாக அணைத்து, மின்வடத்தைக் கழற்றி, மின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்த பின் மீண்டும் இயக்கலாம். தற்காலிகமாக முடங்கிய சில்லு இதனால் சீராவது உண்டு. விண்டோசை மீண்டும் தொடக்குவது மட்டும் இதற்கு ஈடாகாது. அப்போது மின்சாரம் முழுமையாக நிற்பதில்லை.

3. கணினி தொடங்கும்போது எஃப்2, டெலீட் போன்ற விசையை அழுத்தி யூஇஎஃப்ஐ அமைப்புகளுக்குள் நுழைய வேண்டும். விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பாதுகாப்பு அல்லது மேம்பட்ட அமைப்புகள் பகுதியில் டிபிஎம், பிடிடி, எஃப்டிபிஎம் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கும். அது முடக்கப்பட்டோ மறைக்கப்பட்டோ இருந்தால் இயக்கிச் சேமிக்க வேண்டும்.

4. கணினி பழைய லெகசி முறையில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டிபிஎம் 2.0 அம்முறையை ஆதரிப்பதில்லை. ஆனால், வட்டின் பகிர்வு அமைப்பை ஜிபிடி வடிவுக்கு மாற்றாமல் யூஇஎஃப்ஐ முறைக்கு மாறினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

5. இவற்றால் பயனில்லை எனில், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு, கணினி தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து நிலைபொருளைப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைபடக் கூடாது.

முடக்குவதும் அழிப்பதும்

அமைப்புப் பட்டியலில் முடக்கு, அழி என்ற இரு தெரிவுகள் அருகருகே இருப்பதுண்டு. முடக்கினால் சாவிகள் சில்லிலேயே இருக்கும், பின்னர் இயக்கிக்கொள்ளலாம். அழித்தால் சாவிகள் நீங்கிவிடும். விண்டோஸ் ஹலோ பின் எண்ணையும் புதிதாக அமைக்க வேண்டிவரும். சில்லு கண்டறியப்படவில்லை என்பதற்காக அழி என்பதைத் தேர்வு செய்வது தீர்வாகாது.

வன்பொருள் பழுது

யூஇஎஃப்ஐ அமைப்புகளிலும் சில்லு தெரியவில்லை எனில், அது பழுதாகியிருக்கலாம் அல்லது அக்கணினியில் இல்லாதிருக்கலாம். சில மேசைக்கணினித் தாய்ப்பலகைகளில் தனிச் சில்லைப் பொருத்த இடம் உண்டு. அப்பலகைக்கு உரிய சில்லையே வாங்க வேண்டும். மடிக்கணினிகளில் சில்லு தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருப்பதால், பழுதானால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரிடும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் ஆவணங்களைப் படியெடுத்து வைத்தல் நலம்.